கடலை மறித்த கழிவுநீர்

நீர் திரும்பும் வழி – 9

விண்ட்ஹோக் நகரம் 1968-இல் தன் கழிவுநீரைத் தெளிவித்து நேரே குடிநீர்க் குழாயில் சேர்த்த கதையைச் சென்ற பகுதியில் படித்தோம். நமீபியாவின் வறண்ட மேட்டுநில ஊர் அது. கடல் எட்டாத தூரம். இந்தப் பகுதியில் நாம் பார்க்கப்போகும் ஊர்களுக்குக் கடல் வாசலிலேயே இருக்கிறது. வாசலோடு நிற்காமல் அது கிணற்றுக்குள்ளும் வந்துவிட்டதுதான் அவர்களுடைய துன்பம்.

கலிபோர்னியாவின் தென்பகுதியில், லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே பசிபிக் கரையை ஒட்டிக் கிடக்கிறது ஆரஞ்சு கவுண்டி. 1889-இல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஆண்டு மழை சராசரியாக 13 அங்குலம். சென்னையில் பெய்வதில் கால்வாசி. அதுவும் குளிர்காலத்தோடு முடிந்துவிடும். மே முதல் அக்டோபர் வரை அநேகமாக ஒரு துளி விழாது. இந்த மழையை மட்டும் நம்பியிருந்தால் அங்கே ஒரு ஆரஞ்சுக் கன்றுகூடப் பிழைத்திருக்காது. மண்ணுக்கடியில் இருந்த நீர்தான் அந்தத் தோட்டங்களை வளர்த்தது.

சான் பெர்னார்டினோ மலைகளில் பிறந்து வரும் சான்டா அனா ஆறு, பல்லாயிரம் ஆண்டுகளாக மணலையும் கூழாங்கல்லையும் கொண்டுவந்து கொட்டி இந்தச் சமவெளியை உண்டாக்கியது. ஆயிரம் அடிக்கும் மேல் ஆழமான வண்டல். அதன் இடுக்குகளிலெல்லாம் நல்ல தண்ணீர். முதலில் குடியேறியவர்கள் கரையோரத் தாழ்நிலங்களில் குழாய் இறக்கியபோது மோட்டாரோ ஏற்றமோ தேவைப்படவில்லை. நீர் தானே பீறிட்டு மேலே வந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நின்று, சுரங்கம் தோண்டியவர்களைத் திணறடித்ததே, அதே வகை ஊற்று. ஆரஞ்சு கவுண்டியில் ஓர் ஊருக்கு ஊற்றுப் பள்ளத்தாக்கு என்ற பொருளில் ஃபவுண்டன் வேலி என்றே பெயர் வைத்தார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க இந்த ஊரில்தான் நடக்கிறது.

எந்திர பம்புகள் வந்தன. தோட்டங்கள் பெருகின. பீறிட்ட ஊற்றுகள் ஒவ்வொன்றாக அடங்கின. ஆற்றின் மேல்பகுதியில் இருந்த ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ ஊர்க்காரர்களும் நீரை எடுக்கத் தொடங்கினார்கள். ஆரஞ்சு கவுண்டி மக்கள், ஆற்றில் தமக்குள்ள உரிமையைக் காக்கவும் நிலத்தடி நீரைப் பேணவும் ஓர் அமைப்பு வேண்டும் என்று கேட்டு, 1933-இல் மாநிலச் சட்டமன்றத்தின் தனிச் சட்டத்தின் மூலம் ஆரஞ்சு கவுண்டி நீர் வாரியத்தைப் பெற்றார்கள். குழாய்போட்டு வீடுகளுக்குத் தண்ணீர் கொடுப்பது இதன் வேலை அல்ல. மண்ணுக்கடியில் இருப்பதைக் காப்பது ஒன்றுதான் வேலை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தோட்டங்களை அழித்து வீட்டுமனைகள் எழுந்தன. மழையும் தொடர்ந்து பொய்த்தது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழே போனது.

கடலோரத்தில் நல்ல நீரும் உப்புநீரும் மண்ணுக்கடியில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. உப்புநீர் எடை கூடியது. அடியில் புகப் பார்க்கும். நல்ல நீர் மேலே உயர்ந்து நின்றால்தான் அதை வெளியே தள்ளிவைக்க முடியும். நல்ல நீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழம் வரை உப்பைத் தடுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்துப் பொறியாளர் கைபென், அடுத்து ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க், இருவரும் தனித்தனியே கண்டு சொன்ன கணக்கு இது. மேலே ஓர் அடி இழந்தால் கீழே நாற்பது அடியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். கடலோரத்தில் கிணறு வெட்டும் எவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய கணக்கு.

ஆரஞ்சு கவுண்டியில் இந்தக் கணக்கு தலைகீழானது. ஹண்டிங்டன் பீச் மேட்டுக்கும் நியூபோர்ட் மேட்டுக்கும் நடுவே சுமார் இரண்டரை மைல் அகலத்தில் ஒரு தாழ்வாய் உண்டு. டால்பர்ட் இடைவெளி என்பார்கள். ஆறு ஒரு காலத்தில் அதன் வழியாகக் கடலில் சேர்ந்திருந்தது. அந்தப் பழைய ஆற்று மணலின் ஊடே கடல் உள்ளே நடந்தது. 1956-இல் உப்புநீர் கரையிலிருந்து ஐந்து மைல் தூரம் வரை புகுந்துவிட்டது. கரையோரக் கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன.

தொழில்நுட்பம் வருவதற்கு முன்னால் நடந்த ஒரு காரியத்தை இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் ஆலையில் தொடங்கி ஆலையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் கதையின் திருப்பம் 1953-இல் நடந்தது. அந்த ஆண்டு வாரியத்தின் சட்டத்தைத் திருத்தி, நிலத்தடி நீரை இறைக்கும் ஒவ்வொருவர் மீதும், இறைத்த அளவுக்கு ஏற்ப ஒரு வரி போட்டார்கள். ஒவ்வொரு கிணறும் பதிவாக வேண்டும். எவ்வளவு இறைத்தோம் என்று கணக்கு கொடுக்க வேண்டும். அதற்குக் காசு கட்ட வேண்டும். அந்தக் காசில் தொலைவிலிருந்து கால்வாயில் வரும் கொலராடோ ஆற்று நீரை வாங்கி, அனஹைம் பகுதியில் சான்டா அனா ஆற்று மணலில் விட்டு மண்ணுக்குள் இறக்கினார்கள். இவ்வளவுக்கு மேல் இறைக்கக் கூடாது என்று யார் கையையும் கட்டவில்லை. எடுத்தவர் எடுத்ததைத் திருப்பி வைக்கும் செலவை ஏற்க வேண்டும், அவ்வளவே. தன் நிலத்துக் கிணறு தன் சொத்து என்று நினைத்திருந்த தோட்டக்காரர்கள் இதற்கு இசைந்தது சின்ன விஷயமல்ல. பக்கத்து மாவட்டங்களில் நிலத்தடி நீர் உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் கிடந்தபோது, இங்கே ஒரு பேரேட்டை வைத்துக்கொண்டு காரியத்தை முடித்தார்கள்.

ஆற்றுக்காக மட்டும் வழக்கு போட வேண்டியிருந்தது. மேல்பகுதி ஊர்களுக்கு எதிராக 1963-இல் தொடுத்த வழக்கு 1969-இல் சமரசமாக முடிந்தது. ஆண்டுக்கு 42,000 ஏக்கர்-அடி, அதாவது ஐயாயிரம் கோடி லிட்டருக்கு மேல், பிராடோ அணையருகே ஆற்றில் வந்து சேர மேல்பகுதியார் உறுதி கொடுத்தார்கள். கோடையில் அந்த ஆற்றில் ஓடுவதில் பெரும்பகுதி மேல்பகுதி நகரங்கள் சுத்திகரித்து விடும் கழிவுநீர்தான். ஆரஞ்சு கவுண்டி மக்கள் அதைத்தான் மணலில் இறக்கி, கிணற்றில் எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் இந்த உண்மை பெரிதும் உதவியது.

இனி டால்பர்ட் இடைவெளி. கடலைத் தடுக்கச் சுவர் கட்ட முடியாது; மண்ணுக்குள் நீரைச் செலுத்தி நீராலேயே ஒரு வரப்புப் போடலாம் என்று பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். கரையிலிருந்து சுமார் நான்கு மைல் உள்ளே, இடைவெளிக்குக் குறுக்கே 23 கிணறுகள். இறைக்கும் கிணறுகள் அல்ல, செலுத்தும் கிணறுகள். வெவ்வேறு ஆழத்து மணல் அடுக்குகளுக்குள் நல்ல நீரை அழுத்திச் செலுத்தினால், அங்கே நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் எழும்பி நிற்கும். அதில் ஒரு பங்கு கடல் பக்கம் சரிந்து உப்பைத் தள்ளும். பெரும்பங்கு நிலத்தின் பக்கம் நகர்ந்து குடிநீர்க் கிணறுகளைச் சேரும்.

செலுத்துவதற்கு நல்ல நீர் எங்கே? கொலராடோ நீர் விலை அதிகம், உப்பும் கொஞ்சம் அதிகம், வறட்சியில் வரும் என்ற உறுதியும் இல்லை. ஃபவுண்டன் வேலியில் வாரியத்தின் நிலத்துக்கு அடுத்த நிலம் கழிவுநீர் வாரியத்தினுடையது. மாவட்டத்தின் வடக்கு, நடுப்பகுதி ஊர்களின் கழிவுநீரெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து, சுத்திகரிக்கப்பட்டு, குழாய் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1971-இல் அதற்காகப் பத்தடி விட்டமுள்ள ஒரு குழாயை ஐந்து மைல் தூரம் கடலுக்குள் போட்டிருந்தார்கள். தண்ணீரில்லாத ஊர் ஒரு பக்கம், தண்ணீரைக் கடலில் கொட்டச் செலவழிக்கும் அலுவலகம் மறுபக்கம்.

1972-இல் கட்டத் தொடங்கிய ஆலைக்கு, வரும் நூற்றாண்டை நினைத்து, 'வாட்டர் ஃபேக்டரி 21' என்று பெயர் வைத்தார்கள். 1976 அக்டோபரில் அதன் நீர் முதன்முதலாக மண்ணுக்குள் போனது. சுண்ணாம்பு சேர்த்து வண்டலைப் படியவைத்து, அம்மோனியாவைக் காற்றில் வெளியேற்றி, மணல் போன்ற அடுக்குகளில் வடித்து, செயலூட்டிய கரியில் ஓடவிட்டு, குளோரின் கலப்பது முறை. ஒரு நாளைக்கு ஐந்தரைக் கோடி லிட்டருக்கு மேல் தயாரிக்கும் திறன். இந்த முறையில் எல்லாம் போகும், கரைந்திருக்கும் உப்பு போகாது. உப்பு குறைந்த நீரைக் கலந்து சமன்செய்யலாம் என்று, கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் நிலையம் ஒன்றை அமெரிக்கக் கூட்டரசு பக்கத்திலேயே அமைத்தது. எழுபதுகளின் எரிபொருள் விலை ஏற்றத்தில் அது நிலைக்கவில்லை. ஆழ்கிணற்று நீரைக் கலந்தார்கள். கூடவே 1977-இல் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: நாளைக்கு ஏறக்குறைய இரண்டு கோடி லிட்டரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் பகுதி. இன்று நம் வீட்டுச் சமையலறைகளில் ஆர்.ஓ. என்று சொல்கிறோமே, அதுதான். ஊர்க் கழிவுநீரைக் குடிநீர்த் தரத்துக்குக் கொண்டுவர ஆர்.ஓ.வை அந்த அளவில் பயன்படுத்தியது உலகில் அதுவே முதல்முறை.

இந்தச் சவ்வின் பிறப்பும் பக்கத்தில்தான். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1950-களின் முடிவில் சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து, உப்பைத் தடுத்து நீரை மட்டும் போதிய வேகத்தில் விடும் செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வை உருவாக்கியவர் சீனிவாச சௌரிராஜன். இந்தியாவில் பிறந்த வேதிப் பொறியியல் அறிஞர். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைத் தாங்கியவர். பிறகு கனடாவின் ஒட்டாவாவுக்குப் போய் வாழ்நாள் முழுவதும் இதே ஆராய்ச்சியில் இருந்தார். 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் இந்தச் சவ்வு உவர்நீரைக் குடிநீராக்கியது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஃபவுண்டன் வேலிக்கு வந்தது. நம் பள்ளிப் பாடப்புத்தகங்களில் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது நாம் செய்ய வேண்டிய கடமை என்று நினைக்கிறேன்.

பதினைந்து ஆண்டுகள் சோதனைமேல் சோதனை நடந்தது. 1991-இல், வேறு நீர் கலக்காமல் முழுக்க முழுக்கச் சுத்திகரித்த நீரையே செலுத்தலாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை அனுமதித்தது.

தொண்ணூறுகளில் இரண்டு வாரியங்களும் தனித்தனியே நெருக்கடியில் மாட்டின. நீர் வாரியத்துக்குக் கடலைத் தடுக்க இன்னும் அதிக நீர் தேவை. கழிவுநீர் வாரியத்துக்கு, பெருகும் கழிவுநீரை வெளியேற்ற இரண்டாவது கடல்குழாய் தேவை. அதற்கு மதிப்பிட்ட செலவு சுமார் 20 கோடி டாலர். அந்தப் பணத்தைக் கடலில் போடுவதற்குப் பதிலாகப் புதிய மீட்பு ஆலையில் போடுவோம் என்று இருவரும் உடன்பட்டார்கள். இரண்டு அரசு அலுவலகங்கள் வேலியைத் தாண்டி ஒரே மேசையில் உட்காருவது எவ்வளவு அரிது என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் மக்கள்? அதே சமயத்தில் தெற்கே சான் டியேகோவில் இதே போன்ற திட்டம் 1999-இல் கைவிடப்பட்டது. கழிப்பறையிலிருந்து குழாய்க்கு என்ற முழக்கம் ஊரெங்கும் பரவியது. வசதியான பகுதிகளின் கழிவு ஏழைகளின் குழாயில் வரப்போகிறது என்ற அச்சமும் எழுந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் கட்டி முடித்த ஒரு திட்டமே மேயர் தேர்தல் அரசியலில் சிக்கி நின்றுபோனது.

ஆரஞ்சு கவுண்டியார் திட்டத்துக்கு அடிக்கல் வைக்கும் முன்பே ஊர் ஊராகப் போனார்கள். மக்கள் தொடர்புப் பொறுப்பில் இருந்த ரான் வைல்டர்முத்தும் அவர் குழுவும், வாரிய உறுப்பினர்களும் பொறியாளர்களும் நடத்திய கூட்டங்கள் ஆயிரத்துக்கும் மேல். தேவாலயங்கள், மகளிர் சங்கங்கள், ரோட்டரி கூட்டங்கள், நகராட்சி மன்றங்கள், மருத்துவர்கள், ஸ்பானிஷ் பேசும் மக்கள், வியட்நாமிலிருந்து வந்து குடியேறியவர்கள். எதையும் மறைக்கவில்லை. இது கழிவுநீர்தான் என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னார்கள். நீங்கள் குடிக்கும் சான்டா அனா ஆற்று நீரும் மேல்பகுதியில் ஒரு முறை பயன்பட்டதுதான், கொலராடோ நீர் லாஸ் வேகாஸின் கழிவுநீரையும் சுமந்து வருகிறது என்று எடுத்துச் சொன்னார்கள். இந்த நீர் ஒரு பேட்டைக்கு மட்டும் போகாது, நிலத்தடியில் கலந்து எல்லாருக்கும் போகும் என்றார்கள். சான் டியேகோவில் தீப்பற்றிய இடம் அதுவே.

அதைவிட முக்கியமாக, கெட்ட செய்தியையும் அவர்களே சொன்னார்கள். 2000-இல் என்.டி.எம்.ஏ. என்ற வேதிப்பொருள் தங்கள் நீரில் நுண்ணிய அளவில் இருப்பதைக் கண்டார்கள். புற்றுநோய் ஐயம் உள்ள பொருள் அது. ஆர்.ஓ. சவ்வையும் தாண்டி வந்திருந்தது. 2002-இல் டையாக்சேன் என்ற இன்னொரு பொருள். அருகிலிருந்த சில குடிநீர்க் கிணறுகளை நிறுத்தினார்கள். டையாக்சேன் எங்கிருந்து வருகிறது என்று சாக்கடைவழியே தேடிப்போய், ஒரு தொழிற்சாலை வரை கண்டுபிடித்து, தடுத்தார்கள். ஆர்.ஓ.வுக்குப் பின் புற ஊதாக் கதிரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் என்ற மூன்றாம் கட்டம் வந்தது இந்தப் பாடத்தால்தான். மக்கள் நம்பிக்கை உடைந்திருக்க வேண்டிய நேரம் அது. ஒளிக்காததால் உடையவில்லை.

கடற்கரையும் இவர்கள் பக்கம் சாய்ந்தது. 1999 கோடையில் ஹண்டிங்டன் பீச்சில் கிருமி அளவு கூடியதால் கரையின் பெரும்பகுதியை வாரக்கணக்கில் மூடினார்கள். அலைச்சறுக்கு வீரர்களும் மீனவர்களும் கழிவுநீர் வாரியத்தின் கூட்டங்களில் வந்து நின்றார்கள். அரைகுறைச் சுத்திகரிப்போடு கடலில் விடத் தனக்கிருந்த விலக்கை இனிக் கேட்பதில்லை என்று 2002-இல் அந்த வாரியம் வாக்களித்து முடிவு செய்தது.

2008 ஜனவரியில் புதிய ஆலை இயங்கியது. செலவு 48 கோடி டாலர். திறன் நாளைக்கு 26 கோடி லிட்டருக்கு மேல். சுவரில் தலைமுடியைவிட மிக நுண்ணிய துளைகளுள்ள, உள்ளே குழலான இழைகளின் வழியே முதல் வடிகட்டல். பாக்டீரியா அங்கேயே நிற்கும். அடுத்து ஆர்.ஓ.; வைரஸ், உப்பு, மருந்துத் துணுக்குகள் அங்கே நிற்கும். கடைசியில் புற ஊதாக் கதிர். வெளியே வரும் நீர் சுத்தமாக இருப்பதே ஒரு தொல்லை. தாதுக்கள் இல்லாத நீர் சிமெண்ட் குழாயையே அரிக்கும்; ஆகவே சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். ஒரு பகுதி டால்பர்ட் கிணறுகளுக்கும், மற்றது ஆற்றோரமாக 13 மைல் குழாயில் அனஹைம் குளங்களுக்கும் போய் மணலில் இறங்குகிறது. மண்ணுக்குள் மாதக்கணக்கில் தங்கிய பிறகே யாருடைய கிணற்றுக்கும் வரும்.

சவ்வுக்குப் போகும் நூறு லிட்டரில் சுமார் 15 லிட்டர் உப்பேறிய எச்சமாகக் கடலுக்கே போகிறது. அதற்கு இன்னும் மாற்று இல்லை. மின்சாரச் செலவும் உண்டு. ஆயினும் கடல்நீரைக் குடிநீராக்குவதற்கு ஆவதில் பாதிக்கும் குறைவு, ஏனென்றால் கடல்நீரில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்பு, சுத்திகரித்த கழிவுநீரில் ஆயிரத்தை ஒட்டித்தான்.

2015-இல் நாளைக்கு 38 கோடி லிட்டர், 2023-இல் 49 கோடி லிட்டர் என்று ஆலை வளர்ந்தது. மீட்கத்தக்க கழிவுநீர் முழுவதையும் இப்போது மீட்கிறார்கள். நடுவே 2020-இல் புதிய சோதனை வந்தது: பி.எஃப்.ஏ.எஸ். என்னும் அழியாத வேதிப்பொருள்கள் காரணமாக மாவட்டத்தில் டஜன்கணக்கான கிணறுகளை நிறுத்த வேண்டியிருந்தது. அவை பெரும்பாலும் சான்டா அனா ஆற்றோடு வந்தவை. சவ்வு ஆலையில் புறப்பட்ட நீரில் அவை இல்லை. கழிவுநீர் என்று பயந்த நீர், ஆற்று நீர் என்று நம்பிய நீரைவிடச் சுத்தமாக இருந்தது.

நம் கரைக்கும் இதற்கும் தொடர்பு தூரமானதல்ல. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. காரணம், விளைவு இரண்டும் டால்பர்ட் இடைவெளியில் பார்த்தவையே. 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளைக்கு தலா நாலரைக் கோடி லிட்டர் திறனுள்ள ஆர்.ஓ. மீட்பு ஆலைகள் வந்தன. அந்த நீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. ஆலை கட்ட நமக்குத் தெரிகிறது. இறைப்பதற்குக் கணக்கு வைக்கத்தான் இன்னும் மனம் வரவில்லை. மாநிலம் முழுமைக்கும் 2003-இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு ஈடான சட்டம் ஒன்றைக் கேட்பது கடலோர மக்களின் உரிமை.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கடலோரத்தில் கிணறோ போர்வெல்லோ வைத்திருக்கும் வாசகர்கள், மழை முடிந்ததும் ஒரு முறை, கோடை முடிவில் ஒரு முறை நீர்மட்டத்தை அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். அக்கம்பக்கத்தாரையும் எழுதச் சொல்லுங்கள். கிராமசபையில் அந்த நோட்டுகளை ஒன்றாக வைத்துப் பேசுங்கள்.

ஃபவுண்டன் வேலி ஆலை முழு வடிவம் பெறுவதற்கு வெகுமுன்பே, 1998-இல், ஆசியாவின் ஒரு தீவு நாடு தன் பொறியாளர்களைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பி இந்த முறைகளைப் பார்த்துவரச் சொன்னது. அடுத்த பகுதியில் சிங்கப்பூர்.